சிற்றூருக்கும் இருள் உண்டு



"கெட்டும் பட்டணம் சேர்" என்று நம் முன்னோர் ஒரு பழமொழி சொல்லி வைத்தார்கள். சொந்த ஊரில் வாழ்ந்து கெட்டவனுக்கும் பட்டணத்தில் ஒரு பிழைப்பு உண்டு என்பது அதன் கருத்து. ஆனால், நம் தோட்டப்புறங்களிலும் சிறு பட்டணங்களிலும் நாம் கேட்கும் பேச்சோ வேறு. "பட்டணத்தில் யார் யாரை மதிக்கிறார்கள்? அங்கே கொலை, கொள்ளை, குண்டர் கும்பல். நம் ஊர் அப்படியா? ஒரு வீட்டில் சாவு என்றால் ஊரே திரண்டு வருமே" என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பழமொழி ஒரு பக்கம் இழுக்கிறது. பெரியவர்களின் பேச்சு மறுபக்கம் இழுக்கிறது. இவற்றுள் எது சரி?

இரண்டிலும் உண்மை உண்டு. சிற்றூரின் நன்மைகளை நாம் அனைவரும் அறிவோம். கல்யாணத்துக்குப் பந்தல் போடவும், பிரசவ வேளையில் ஓடி வரவும், திருவிழாவில் தோள் கொடுக்கவும் அண்டை வீட்டார் இருப்பார்கள். அதைப் பற்றி எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். பேசாமல் விட்ட மறுபக்கத்தை வரலாற்றின் துணைகொண்டு இன்று பார்ப்போம்.

அதற்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். ஈப்போவுக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், கோலகங்சார் செல்லும் பழைய சாலையை ஒட்டி இருக்கிறது செமோர். இரயில் பாதை அவ்வழியே போகிறது. சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகள். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயமும், வெள்ளைக்காரர் காலத்து ரப்பர் தோட்டங்களும் இந்த வட்டாரத்தை வளர்த்தன. கடைத்தெருவில் பெரும்பாலும் சீனர்கள், கம்பத்தில் மலாய்க்காரர்கள், தோட்டத்து லயங்களில் நம்மவர்கள் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. செமோரைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. சுங்கை சிப்புட், கம்பார், தெலுக் இந்தான் என்று நேயர்கள் தத்தம் ஊர்ப் பெயரை அந்த இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில், தோட்டம் என்பது எப்படிப்பட்ட ஊர் என்பதை நினைத்துப் பார்ப்போம். வேலை கொடுப்பவர் தோட்டத்துரை. குடியிருக்கும் லயம் அவருடையது. குழாய்த் தண்ணீர், ஆயாக் கொட்டகை, மருந்துக் கொட்டகை எல்லாம் அவர் கையில். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கட்டளையிட்டது. அந்தப் பள்ளியும் நிர்வாகத்தின் தயவில்தான் நடந்தது. வெளியார் உள்ளே வர வேண்டுமானால் அனுமதி கேட்க வேண்டும். ஒருவர் துரையையோ கிராணியையோ பகைத்துக்கொண்டால் வேலை மட்டுமா போகும்? அன்றைக்கே வீடு போகும், பிள்ளையின் பள்ளி போகும், மருந்தும் போகும்.

1960களின் தொடக்கத்தில் ரவீந்திர ஜெயின் என்ற இந்திய மானிடவியல் அறிஞர் மலாயாவின் ரப்பர் தோட்டம் ஒன்றில் தங்கி ஆராய்ந்தார். 1970இல் வெளிவந்த அவருடைய நூல், தோட்டத்தில் வேலையும் குடியிருப்பும் அதிகாரமும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன என்பதை விரிவாக எடுத்துக் காட்டுகிறது. ஈப்போ போன்ற பட்டணத்தில் வேலை கொடுக்கும் முதலாளி ஒருவர், வீட்டுக்காரர் வேறொருவர், மளிகைக் கடைக்காரர் மூன்றாமவர். ஒருவர் கதவை அடைத்தாலும் இன்னொரு கதவு திறந்திருக்கும். சிற்றூரில் எல்லாக் கதவுகளுக்கும் ஒரே சாவி. அந்தச் சாவி நல்லவர் கையில் இருந்தால் ஊர் வாழும். அல்லாதவர் கையில் இருந்தால் அழும். இதுதான் சிற்றூரின் முதல் இருள்.

இரண்டாவது இருள் கடன். கங்காணி முறையில் நம் பாட்டன் பூட்டன்மார் தமிழ்நாட்டிலிருந்து வந்தபோதே கடனோடுதான் வந்தார்கள். ஆள் சேர்த்த கங்காணிக்கு, அவர் கொண்டுவந்தவர்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு கிடைத்தது. ஆகவே, தம் ஆட்கள் வேறு தோட்டத்துக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதில் அவருக்கு அக்கறை இருந்தது. கடன் அதற்கு நல்ல கயிறாயிற்று. இந்திய அரசாங்கம் 1938இல் தொழிலாளர்களைச் செலவு கொடுத்து அனுப்பும் ஏற்பாட்டைத் தடை செய்தபின் கங்காணி முறை முடிவுக்கு வந்தது. ஆனால் கயிறு அறுந்துவிடவில்லை; கை மாறியது.

அட்டையில் 555 என்று அச்சிட்ட அந்தச் சிறு கணக்குப் புத்தகத்தை நம்மில் யார் மறக்க முடியும்? அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், தீபாவளித் துணி எல்லாம் அதில் ஏறும். மழைக்காலத்தில் பால்வெட்டு இல்லாத நாட்களில் அந்தப் புத்தகம்தான் பல குடும்பங்களின் அடுப்பை அணையாமல் காத்தது. இதை நாம் நன்றியோடு சொல்ல வேண்டும். அதே சமயம், கடன் தீரும்வரை வேறு கடைக்குப் போக முடியாது, விலை கேட்க முடியாது, எழுதியதைச் சரி பார்க்க எழுத்தறிவும் இல்லை என்ற நிலையும் இருந்தது. பட்டணத்தில் பத்துக் கடை உண்டு, போட்டி உண்டு. சிற்றூரில் இரண்டு மூன்று கடைதான். அவையும் ஒன்றுக்கொன்று வேண்டியவையாக இருக்கும். வட்டித் தொழிலைக் கட்டுப்படுத்த 1951இலும், அடகுக் கடைகளை ஒழுங்குபடுத்த 1972இலும் சட்டங்கள் வந்தன. ஆயினும், உரிமம் இல்லாத வட்டி முதலைகள் சிற்றூர்களில் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். யார் வீட்டில் என்ன தேவை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியுமல்லவா?

மூன்றாவது இருள் மது. தோட்டத்தோடு கள்ளுக்கடையும் சேர்ந்தே வந்தது. பல தோட்டங்களில் நிர்வாகத்தின் மேற்பார்வையிலேயே கடை நடந்தது. கள் விற்று வந்த இலாபத்தைத் தொழிலாளர் நலனுக்கென்று செலவிடும் வழக்கமும் இருந்தது. தந்தை குடித்த பணத்தில் மகனுக்குப் பந்து வாங்கிக் கொடுப்பது போன்ற ஏற்பாடு அது! மாலையில் போவதற்கு நூலகம் இல்லை, நல்ல திடல் இல்லை. விளக்கு எரியும் ஒரே இடம் கள்ளுக்கடை.

இதை நம் மக்கள் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் கூலி உயர்வு மட்டும் இல்லை. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற இழிவை நீக்க வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கியிருந்தன. தலைவர் ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். போருக்குப் பின் 1947இல் கெடாவில் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படையினர் பீடோங் கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். அங்கும் காவல்துறையோடு மோதல் ஏற்பட்டது. கள்ளுக்கு எதிராக நம்மவர் இவ்வளவு பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பின் கள்ளின் இடத்தைப் புட்டிச் சம்சு பிடித்துக்கொண்டது. கள்ளைவிட அது கொடியது. 2018இல் சிலாங்கூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் மாண்டார்கள். இந்தத் தீமை பட்டணத்தையும் விடவில்லை என்பதற்கு அது சான்று.

நான்காவது இருள், ஊர் வாய். "ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?" என்று கேட்பார்கள். ஒருவரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பது சிற்றூரின் பாதுகாப்பு. அதுவே அதன் கொடுமையும் ஆகும். இதற்குச் சரித்திரத்தில் ஒரு கடுமையான பாடம் உண்டு. 1948 ஜூன் 16ஆம் நாள் செமோருக்கு வடக்கே சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. அது 1960 ஜூலை 31ஆம் நாள் வரை நீடித்தது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டார்கள். செமோர் வட்டாரத்திலும் காந்தான் பாரு போன்ற புதுக்கிராமங்கள் எழுந்தன. தோட்டத்து லயங்களும் வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. ஊரடங்கு, வாயிற்படியில் சோதனை, அரிசிக்குக் கட்டுப்பாடு என்று வாழ்க்கை நடந்தது.

விசாரணையின்றிச் சிறை வைக்க அன்றைய சட்டம் இடம் கொடுத்தது. காட்டுக்குள் இருந்தவர்களோ காட்டிக்கொடுத்தவர் என்று ஐயப்பட்டவரைக் கொன்றார்கள். அத்தகைய காலத்தில், அண்டை வீட்டான் போகிற போக்கில் சொல்லும் ஒரு சொல் ஓர் உயிருக்கு உலை வைக்கப் போதுமானது. பட்டணத்துக் கூட்டத்தில் ஒருவன் மறைந்து வாழலாம். வேலிக்குள் அடைபட்ட சிற்றூரில் யார், எங்கே, எப்போது என்று எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அப்போதுதான் அண்டை அயலாரை நம்பிப் பேசவே மக்கள் அஞ்சினார்கள்.

அவசரகாலம் போயிற்று. ஊர் வாய் போகவில்லை. பெண் ஒருத்தி படிக்கப் போனாலும் பேச்சு. வேலைக்குப் போனாலும் பேச்சு. சாதி மாறி மணம் செய்தால் கேட்கவே வேண்டாம். ஒரு காலத்தில் லயங்களே சாதிவாரியாகப் பிரிந்திருந்தன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1929 டிசம்பரில் ஈப்போவில் நடந்த தமிழர் சீர்திருத்த மாநாட்டுக்குத் தந்தை பெரியார் வந்து பேசினார். செமோர் மக்களுக்குக் கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். அதன்பின் சீர்திருத்த எண்ணம் தோட்டங்களில் பரவியது. ஆயினும், அந்தக் கருத்துகளைப் பட்டணத்து மேடையில் பேசுவது எளிதாக இருந்தது. லயத்து வாசலில் நடைமுறைப்படுத்துவது அரிதாக இருந்தது. மேடையிலிருந்து இறங்கியவர் கூட்டத்தில் கலந்து விடலாம். லயத்தில் இருப்பவர் நாளைக் காலை அதே பிரட்டுக் களத்தில் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டுமே!

மனநோயைப் பற்றி நாம் பேசும் விதத்தையும் சற்று எண்ணிப் பாருங்கள். செமோருக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் மனநல மருத்துவமனை தொடங்கப்பட்டது. நோயாளிகளைக் காப்பதற்கென்று எழுந்த இடம் அது. நாம் அந்த ஊரின் பெயரையே ஏச்சுச் சொல்லாக்கிவிட்டோம். "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அந்தச் சிரிப்புக்கு அஞ்சியே பல குடும்பங்கள் நோயுற்ற பிள்ளையை வீட்டுக்குள் மறைத்து வைத்தன. வைத்தியம் பார்க்க வேண்டிய காலத்தைக் கடத்தின. பட்டணத்தில் ஒருவர் மருத்துவரிடம் போவதை யார் பார்க்கிறார்கள்? சிற்றூரில் பேருந்தில் ஏறும்போதே "எங்கே போகிறாய்?" என்று நான்கு பேர் கேட்பார்கள்.

இவ்வளவு பேசுகிற ஊர், பேச வேண்டிய ஒன்றைப் பற்றி மட்டும் வாயைத் திறப்பதில்லை. வீட்டுக்குள் நடக்கும் அடிதடியைத்தான் சொல்கிறோம். லயத்தின் சுவர் மெல்லிய பலகை. அடிபடும் சத்தம் இரண்டு வீடு தள்ளியும் கேட்கும். ஆனால், "அது புருஷன் பெண்சாதி விவகாரம்" என்று எல்லோரும் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். பட்டணத்தில் அண்டை வீட்டார் அறியாமல் ஒரு பெண் துன்பப்படக்கூடும். சிற்றூரிலோ எல்லோரும் அறிந்தே துன்பப்படுகிறாள். இவ்விரண்டில் எது பெரிய கொடுமை என்பதை நேயர்களே சொல்லட்டும்.

சட்டம் தாமதமாகத்தான் வந்தது. முஸ்லிம் அல்லாதவரின் திருமணங்களைப் பதிவு செய்ய வேண்டும், ஒருவனுக்கு ஒருத்தி என்பதே முறை என்று 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் கூறியது. அது 1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்தது. குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறி 1996இல் நடப்புக்கு வந்தது. பட்டணத்தில் பதிவு அலுவலகமும், வழக்கறிஞரும், உதவி செய்யும் மன்றமும் பக்கத்திலேயே இருக்கின்றன. தோட்டத்திலிருந்து போக வேண்டுமானால் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். அதனால், கோயிலில் தாலி கட்டியதோடு எத்தனையோ பேர் நின்றுவிட்டார்கள். கணவன் இறந்தபின் சேமநிதிப் பணம் கேட்கப் போகும்போதுதான், மனைவி என்று நிறுவப் பத்திரம் இல்லையே என்று அவர்கள் கலங்குகிறார்கள். பிள்ளைக்கும் பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, பள்ளிச் சேர்க்கை, குடியுரிமை என்று சிக்கல் தொடர்கிறது. ஒரு தாளை எடுக்காமல் விட்டதனால் ஒரு தலைமுறையே தடுமாறுவதை நாம் கண்ணாரக் காண்கிறோம்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்ல வேண்டும். தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கும் வேலையை நம் பெண்கள் பல்லாண்டுகள் செய்தார்கள். அந்த மருந்துகளில் பாராகுவாட் என்பது கொடிய நஞ்சு. மனம் நொந்த வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் அது இருந்தது. அதனால் நாம் இழந்த உயிர்கள் ஒன்றிரண்டல்ல. மலேசிய அரசாங்கம் 2002இல் அதற்குத் தடை விதித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரி முதல் முற்றாகத் தடை செய்தது. நஞ்சு அகன்றது நல்லதே. மனத்துயரைச் சொல்ல ஒரு காது வேண்டும் என்ற தேவை மட்டும் இன்னும் அகலவில்லை.

ஐந்தாவதாக, ஒற்றைத் தொழிலை நம்பி நிற்கும் ஊரின் கதியைப் பார்ப்போம். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நாம் அதைச் சொல்கிறோம். தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். 1969இல் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்தின் விலைக் காப்பு ஏற்பாடு சரிந்தது. ஈய விலை வீழ்ந்து கிந்தாவின் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. ஈப்போவே தளர்ந்து போயிற்று என்றால், அதன் பக்கத்துச் சிற்றூர்களைக் கேட்க வேண்டுமா? அதற்குப்பின் ரப்பர் காடுகள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் கொடுத்தன. பெரிய பட்டணத்தில் ஒரு தொழிற்சாலை மூடினால் இன்னொன்று இருக்கும். தோட்டம் மூடினால் வேலையோடு வீடும், கோயிலும், பள்ளியும், அண்டை அயலும் ஒரே நாளில் கலைகின்றன.

கலைந்தவர்கள் எங்கே போனார்கள்? "கெட்டும் பட்டணம் சேர்" என்று பட்டணத்துக்குத்தான் போனார்கள். அங்கே புறம்போக்கு நிலங்களில் பலகை வீடு கட்டிக்கொண்டார்கள். 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயா அருகே கம்போங் மேடானில் நடந்த கலவரத்தில் ஆறு பேர் மாண்டார்கள். இறந்தவரில் பெரும்பாலோர் இந்தியர்கள். நெருக்கடியும் வறுமையும் மண்டிய குடியிருப்பு அது. பட்டணத்தின் இருளைப் பார்த்துச் சிற்றூர்க்காரர்கள் பயப்படுகிறோம். அந்த இருளில் ஒரு பகுதி, நம் தோட்டங்களிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் துரத்தப்பட்டவர்களின் இருள்தான் என்பதை மறந்துவிடலாகாது.

அப்படியானால் சிற்றூர் கெட்டது, பட்டணம் நல்லது என்று முடிவு கட்டலாமா? கூடாது. பட்டணத்தின் தீமை யாரும் யாரையும் அறியாததில் பிறக்கிறது. சிற்றூரின் தீமை, எல்லாம் அறிந்தும் எதிர்க்க முடியாத நிலையில் பிறக்கிறது. முன்னதற்கு உறவு மருந்து. பின்னதற்கு உரிமை மருந்து.

அந்த மருந்தை நம்மவர்களே தேடிக்கொண்டார்கள் என்பதுதான் இந்த வரலாற்றின் நல்ல பகுதி. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபின் துரையின் சொல்லே சட்டம் என்ற நிலை மாறத் தொடங்கியது. துண்டாடலைக் கண்டு கலங்கிய நேரத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்கள் செலுத்திய பணம் தோட்டங்களை வாங்கியது. ஒரே சாவி ஒருவர் கையில் இருந்த ஊரில், பல பேர் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு சாவி செய்துகொண்டார்கள்.

நாமும் செய்ய வேண்டியவை சில உண்டு. திருமணத்தையும் பிறப்பையும் உடனுக்குடன் பதிவு செய்வோம். கடன் புத்தகத்தில் ஏறும் ஒவ்வொரு வரியையும் பள்ளி செல்லும் நம் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்வோம். அடுத்த வீட்டில் அழுகுரல் கேட்டால் திரும்பிப் படுக்காமல் கதவைத் தட்டுவோம். அதற்கு அஞ்சினால், நலத்துறையின் உதவி எண் 15999ஐ அழைப்போம். மருத்துவமனைக்குப் போகிறவரைப் பார்த்துச் சிரிப்பதை விட்டு, துணைக்குப் போவோம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான். ஆனால், அந்த வாயை நல்லதைப் பேச வைக்கலாமே! சாவு வீட்டுக்குத் திரண்டு வருகிற ஊர், உயிரோடு இருப்பவருக்காகவும் ஒருமுறை திரண்டு வரட்டும்.